பிரதி பத்து ரூபாய்

பெறுபேறு வந்த அன்று
திருகோணமலை பஸ் நிலையத்தடி என் கடையில்
மெஷின் ஆறவே இல்லை.
பிழைத்த தாள்களை வாசலில் ஒரு மான்
பாடம் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தது.

கிண்ணியா ஸிம்ராவுக்குத் தமிழில் ஏ,
கணிதத்தில் மூன்றாம் தடவையும் டபிள்யூ.
உயர்தரம் இல்லை.
"எக்ஸைக் கண்டுபிடி என்கிறார்கள், நானா.
தொலைத்தது நானா?"
சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு திருக்கடலூர்ச் சசிரூபன்.
வட்டியைச் சதம் பிசகாமல் மனதிலேயே கூட்டுவான்.
ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் கிடந்த
"தவறும் பட்சத்தில்" என்ற ஒரு வரியை மட்டும்
வாசிக்காமல் கையெழுத்து வைத்தவன்.
எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
கடிதம் எழுத ஆள் தேடி வந்திருந்தான்.

எல்லாரும் இரண்டையும் படிக்கத்தான் வேணும்
என்று தொடங்கினேன்.
நான் இரண்டிலும் சித்தி.
கேட்க ஒருவரும் இல்லை;
வாங்கில் இருந்து அவள் எழுதத் தொடங்கியிருந்தாள்.
"கடலுக்குப் போகாத வள்ளம்
கடனை எப்படி ஐயா கட்டும்?"
அவன் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.

மூன்று பிரதி. நூறு ரூபாய்த் தாள்.
மிச்சத்தை அவள் எண்ணாமல் வாங்கி நீட்ட,
அவன் பார்த்த பார்வையிலேயே சொன்னான்:
"அண்ணை, பத்து ரூபாய் குறையுது."