காலியாக இருக்கக் கூடாது

மாதச் சந்தா ஐந்து வெள்ளி.
செத்தால் ஆயிரத்து ஐந்நூறு, அன்றே, கையில்.
எங்கள் மரண சகாய நிதியின் சட்டம் இவ்வளவுதான்.
நூற்று நாற்பத்தொரு பேரைத் தாங்கிய கணக்குப் புத்தகத்தில்
போன மழைக்குக் கறையான் புகுந்து
'மு'வில் தொடங்கும் பெயர்களைப் பாதி தின்றிருந்தது.

அதனால்தான் மடிக்கணினி.
அதனால்தான் சுங்கைப்பட்டாணியிலிருந்து
பாடாங் செராய்க்கு மோட்டாரில் வந்தான் லோகவர்மன்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
டேட்டாபேஸ்தான் சரி என்றான்.
மாதம் முப்பத்தொன்பது வெள்ளி.

ஞானப்பூ பொருளாளர்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
இருபத்தாறு வருஷம் லாரிகளை நிறுத்திப் பார்த்தவள்.
"எட்டுப் பேர் சந்தா உன் பெட்டிக்கே போயிடும்.
எக்செல் சும்மாதானே கெடக்கு?"

அதில் ஒரே ஆள் மூன்று தடவை ஏறிவிடுவார் என்றான்.
உண்மைதான். எங்கள் லெட்சுமி
ஐ.சி.யில் ஒரு மாதிரி, மின்கட்டணத்தில் ஒரு மாதிரி,
கல்யாணப் பத்திரத்தில் வேறு மாதிரி.
எந்தக் கிராணிக்கு எப்படிக் காது கேட்டதோ அப்படி.

"இது ஃபீல்டு," என்று திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டான்.
தலைவர் தவசிமுத்து சிரித்துவிட்டார்.
எங்களுக்கு ஃபீல்டு என்றால் ஏழாம் நம்பர்.
சரிவு. அட்டை கடிக்கும்.
கண்டக்டர் எப்போது வருவாரென்று தெரியாது.

முதலில் என் பெயர்.
பிறகு ஏ, ஒரு சாய்ந்த கோடு, பி, அப்பா பெயர்.
கோடு ஆகாது என்றது.
அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்ற குச்சியை
எடுத்துவிட்டு ஏற்றினோம்.
சரி, போகட்டும்.

அடுத்து மூக்காயி.
பிரட்டுக்கு நின்றிருக்கிறாள், செக்ரோலில் பெயர் உண்டு,
எழுபத்தொரு வயது, ஐ.சி. இல்லை.
சிவப்பு எழுத்தில் வந்தது:
இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.
"பன்னெண்டு சைபர் போடுங்க ஆண்டி."
போட்டேன். ஏறியது.

செல்வேந்திரன்.
பத்தொன்பது வயது, கார் கழுவுகிறான்,
அப்பா அம்மா கல்யாணம் பதிவாகவில்லை.
பன்னிரண்டு சைபர்.
இந்த எண் ஏற்கெனவே உள்ளது.

காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
இல்லாதவர் என்று ஒருவர்தான் இருக்கலாம் போலிருக்கிறது.

"இப்படி எத்தனை பேர்?"
பதினேழு.
அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.
"மாத்திடலாம். ரெண்டு வாரம் குடுங்க."
"அடுத்த மாசம் நீ சிங்கப்பூர் போயிட்டா
அப்புறம் யார் மாத்துவா?"
ஞானப்பூவின் கேள்விக்கு
அவனுடைய டேட்டாபேஸில் கட்டம் இல்லை.

ஆறு மணிவரை உட்கார்ந்து
எக்செல்லிலேயே கோடு கோடாக இழுத்துக் கொடுத்தான்.
முதல் நிரலில் சங்கத்தின் சொந்த எண், நாமே கொடுப்பது.
ஐ.சி.க்கு ஐந்தாவது நிரல். எழுதினாலும் சரி,
எழுதாவிட்டாலும் அது கத்தாது.

மூக்காயிக்கு எண்பத்தெட்டு.
"எனக்கா?" என்று கேட்டு
கையிலே எழுதித் தரச் சொல்லி வாங்கிப் போனாள்.
பணம் யாருக்கு என்ற இடத்தில்
பக்கத்து வீட்டுச் செல்வேந்திரன் பெயரைச் சொன்னாள்.
அவனுக்கு வங்கிக் கணக்கு திறக்க முடியாது.
'கையில்' என்று தனியாக ஒரு நிரல் சேர்த்தேன்.

இன்று பார்த்தால்
லெட்சுமி இரண்டு தடவை ஏறியிருக்கிறாள்,
அறுபத்து மூன்றிலும் நூற்றுப் பத்திலும்.
எது அவள் என்று
சந்தா கட்ட வரும்போது கேட்க வேண்டும்.