காரணம்

காப்புறுதிப் படிவத்தில் ‘காரணம்’ என்றொரு கோடு.
காய் என்று எழுதினேன்.
என்ன காய், என்றாள் கவுண்டரில் இருந்தவள்.
ஐந்து கிலோ இருக்கும் மிஸ்.

கறுவாத்தோட்டச் சந்தியில் சிவப்பு விளக்கு.
மேலே கயிறாய்த் தொங்கிய காம்பு அறுந்து
ஓட்டோவின் முன்கண்ணாடியில் இறங்கியது.
காய்க்கு ஒரு கீறலில்லை.

பின்சீட்டில் சிகோண்டி,
தேயிலை ஏலத்துக்கு வந்த மலாவிக்காரன்,
மடியிலிருந்து கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே
சிரித்தான். எங்கள் ஊர் மரம் இது!

பச்சையாய்த் தின்றால் வயிறு கழன்று போகும்.
சுட்டுப் போட்டால் பியர் நன்றாய்ப் புளிக்கும்.
பஞ்சத்தில் அப்பா கொட்டையை வறுத்துத் தின்றாராம்.
அடிமரத்தைக் குடைந்தால் ஓடம்.
அரிந்து தேய்த்தால் வீக்கம் வடியும் என்று
என் முழங்கையைப் பார்த்தான்.
நான் கையை இழுத்துக்கொண்டேன்.

சுழல்காற்று அண்டாமலிருக்க
வீட்டு மூலையில் கட்டுவார்களாம்.
இறங்கும்போது சொன்னது அது,
மீட்டருக்கு மேல் ஆயிரம் ரூபாய் தந்துவிட்டு.

‘இயற்கைச் செயல்’ என்று கடிதம் வந்தது.
புதுக் கண்ணாடி கடனுக்கு.
காய் இப்போது கொட்டாஞ்சேனையில்,
எங்கள் வாசல் தகரத்தின் கீழ்.

இது எதைத் தடுக்கும், என்றாள் பெர்னதெத்.
லீசிங்காரனை, என்றேன்.

நேற்று அவன் வந்தான்.
தலையைக் குனிந்து, காயில் இடிபடாமல்,
உள்ளே வந்து உட்கார்ந்தான்.