பென்சில் பெயர்கள்

புக்கிட் ஜாலிலில் மின்னல் எச்சரிக்கை.
சங்கு ஊதியதும்
நீலத் தரையை விட்டு ஓடினார்கள் பையன்கள்.
மூன்றாம் கால்பகுதியில் ஆறு நிமிடம் மிச்சம்.
ஒன்றுக்கு ஒன்று.

மழை விடும்வரை வேறென்ன வேலை?
படிக்கட்டுக்குக் கீழே, மைலோ வண்டிக்குப் பக்கத்தில்
நாலு பேரும் தவசீலனைப்
பங்கு போட உட்கார்ந்தோம்.

பதினேழு வயது. செந்தூல் பையன்.
முதல் பாதியில் அவன் இழுத்து வீசிய பந்து
கோல் கீப்பரின் தலைக்கவசத்தை உரசி
வலையின் மேல்மூலையில் விழுந்ததிலிருந்து
ரத்தினவேலு தரையில் இல்லை.
"எழுதி வச்சுக்க. ரெண்டே வருஷம்.
தேசியக் குழு. அப்புறம் ஹாலந்து லீக்."
இன்சூரன்ஸ் விற்கிற வாய்.
வராத காலத்துக்கும் தவணை கட்டவைக்கும்.

கறிபஃப்பைப் பிய்த்தபடி குர்தயால் சிங்
சுத்தமான செந்தூல் தமிழில் சொன்னார்:
"ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.
அந்தக் கீப்பருக்கு மீசையே இன்னும் வரல.
நானே போட்டிருப்பேன், இந்த முட்டியோட."

அஸ்மான் கைப்பேசியில் கணக்கு வைத்திருக்கிறார்.
பதினொரு கார்னர், நாலு கோல்.
அருமை என்றார்.
பதினொன்று ரொம்பக் குறைச்சல் என்றும் சொன்னார்.
எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியாது.

"மாலையை நாம போடுவோம்,
கனம் அவன் கழுத்துக்கு," என்றார் குர்தயால்.
"கொண்டாட ஒண்ணுமே இல்லாம
எத்தனை வருஷம் டிக்கெட் வாங்குறது?"
ரத்தினவேலுவின் குரல் உடைந்ததோ,
இடிதானோ.

நான் வாயைத் திறக்கவில்லை.
என் மடியில் நோட்டு.
பல் கிளினிக்குக்கு வந்த மருந்துக் கம்பெனிக்காரன்
கொடுத்துவிட்டுப் போனது.
பதினெட்டு வருடத்துப் பெயர்கள் அதில்.
நம்பிக்கை தருகிறவர்களைப் பென்சிலில் எழுதுவேன்.
நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால்
அதே எழுத்தின் மேல் பேனா.
எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்ட தெம்பு.
இதுவரை ரப்பர் வாங்கியதில்லை.

யோகமலர், இடது ஓரம்.
ஷா ஆலமில் கணக்கு எழுதுகிறாள்,
கடைவாய்ப் பல்லுக்கு என்னிடம்தான் வருவாள்.
ஹைரில், ஒரு பருவம் முழுக்க
அவனைத் தவிர வேறு பேச்சில்லை எங்களுக்கு.
போன வருடம் அவன் ஓட்டிய கிராப்பில் ஏறினேன்.
தெரிந்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.
இறங்கியபின் ஐந்து நட்சத்திரம் போட்டேன்,
முழங்கை மடக்கி அவன் வண்டியைத் திருப்பிய அழகுக்கு.

அப்போது அவனே வந்தான்,
தோளில் துண்டு, காலில் ஜப்பான் செருப்பு.
"அங்கிள், யாராவது சார்ஜர் வச்சிருக்கீங்களா?
அம்மாவுக்கு லேட் ஆகும்னு சொல்லணும்."
மூன்று பேரும் ஒரே நேரத்தில் பையைத் துழாவினார்கள்.
ஜெயித்தது குர்தயாலின் சார்ஜர்.
பையன் போகும்வரை
ஒருத்தர்கூட ஹாக்கி பேசவில்லை.
பரீட்சை எப்போது என்று கேட்டார் அஸ்மான்.

ஏழு மணிக்கு மறுபடி விசில்.
தூறல் இன்னும் விடவில்லை.
கடைசிக் கால்பகுதியில் ஒரு கார்னர்.
பந்து உருண்டது, நின்றது,
அவன் குனிந்தான்,
இடது தோள் தரையைத் தொடுகிற மாதிரி.

கம்பத்தில் பட்ட சத்தம்
காலி இருக்கைகளில் எல்லாம் கேட்டது.

முதலில் எழுந்து நின்றவர் குர்தயால்.
அவர் முட்டி இடித்து
என் தே தாரிக் நோட்டின் மேல் கொட்டியது.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை,
நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பிறகு விரித்துப் பார்த்தேன்.
பேனாவில் இருந்தவர்கள் நீலமாய்க் கரைந்து
ஒருவருக்குள் ஒருவர் போயிருந்தார்கள்.
மைக்கு அடியில் பழைய கோடு,
ஹைரில், யோகமலர்,
ஈரத்தில் கொஞ்சம் பளபளத்தபடி
அப்படியே.

"எத்தனை நிமிஷம் இருக்கு?" என்றார் குர்தயால்,
இன்னும் உட்காராமல்.
பென்சிலைத் தேடினேன்.
ரத்தினவேலு அதைக் கடித்துக்கொண்டிருந்தார்.