இரவல் வெள்ளை

பிப்ரவரியில் கால்கரி
எட்டு மணிக்கும் முழுதாய்க் கண் திறக்காது.
காபி இயந்திரம் முதலில் விழிக்கும்,
பிறகு ரோடெல், பிறகு நான்.
மூன்றாம் மேசை. சட்டையில் டாரல் லிண்ட் என்று ஒரு பட்டை,
கீழே பொடி எழுத்தில் சேவை ஆலோசகர்.
பத்தொன்பது வருடத்தில் ஒருவரும்
என்னிடம் ஆலோசனை கேட்டதில்லை.
கேட்பது, எப்போது கிடைக்கும்.
அடுத்தது, குரலைத் தாழ்த்தி,
அதுவரைக்கும் எனக்கு என்ன கார்.

போன வாரம் ஒருவர்
இரவல் காரின் இருக்கைச் சூடு போதவில்லையென்று
என் மேலாளரின் மேலாளர்வரை போனார்.
இன்னொருவர் தம் காரைவிட அது ஒரு படி கீழாம்,
இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப்
பனியில் வீட்டுக்கு நடந்திருக்கிறார்.
புகாரில் அவரே எழுதியிருந்தார்.

திருமதி ஹலுஷ்சாக்
திங்கட்கிழமை தம் செடானைக் கொண்டுவந்தார்.
ஊறிய வெள்ளரிக்காய்ப் பச்சை.
சொல்லி அடித்த வண்ணம்;
மாகாணம் முழுக்கத் தேடினாலும் ஜோடி கிடைக்காது.
பின்சக்கரத்தில் ஏதோ முனகுகிறதாம்.
படிவத்தை நீட்டினேன்:
புகை கூடாது, நாய் கூடாது,
நாளுக்கு இருநூறு கிலோமீட்டர்.
இருக்கிற கீறல்களுக்கு இருவருமாய் வட்டமிட்டோம்.
கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
"வெள்ளைதானே?
எல்லோரும் வைத்திருக்கிற அந்த வெள்ளை?"

முனகியது ஒரு தேய்ந்த பேரிங்.
புதன் மதியம் வேலை முடிந்து
பச்சைக் கார் கழுவித் துடைத்து
வாசலைப் பார்த்து நின்றது.
நான் போனை எடுக்கவும் அவரே உள்ளே வரவும்.
கண்ணாடி கழுவும் நீர் தீர்ந்துவிட்டதாம், அவ்வளவுதான்.

ரோடெல் நிரப்பிவிட்டு வந்து
என் காதருகே நின்றான்.
"ரெட் டியர். ஒரே முகவரி, இரண்டு நாளும்.
போக வர மூன்று மணி பத்து நிமிடம்.
அங்கே இறங்கவே இல்லை, டாரல்.
போயிருக்கிறார், திரும்பியிருக்கிறார்."
அந்தப் பட்டியலை அழிப்பது அவன் வேலை.
படிப்பது இல்லை.
இரண்டு பேருக்கும் தெரியும்.

யார் வீடு அது?
வழிகாட்டித் திரைக்கு எண்ணும் தெருவும் தெரியும்.
அதற்குமேல் தெரியாது.
எனக்கு அந்தப் பச்சையைத் தெரியும்.
தெருமுனையில் திரும்பும்போதே
இன்னார் வருகிறார் என்று கூவும் பச்சை.
திரைச்சீலையை இழுத்துக்கொள்ள
உள்ளே இருப்பவர்க்கு நேரம் தரும் பச்சை.

"என் கார்?" என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
கண்ணாடிச் சுவருக்கு வெளியே
அது பளபளத்தது.
"ஜெர்மனியிலிருந்து ஒரு பாகம் வரவேண்டியிருக்கிறது," என்றேன்.
"சனிக்கிழமை ஆகலாம்."
பத்தொன்பது வருடமாய் இந்த வாக்கியத்துக்கு
ஏச்சு மட்டுமே வாங்கியிருக்கிறேன்.
அவர் கையுறையை மாட்டிக்கொண்டார்.
ஒரு விரல் தவறான துளையில் போனது,
கழற்றி மறுபடி மாட்டினார்.
"அவசரமில்லை," என்றார்.
ரோடெல் பச்சைக் காரை ஓட்டிப்போய்
உதிரிபாகக் கிடங்கின் பின்னால் ஒளித்தான்.

சனிக்கிழமை, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டரோடு
வெள்ளை திரும்பி வந்தது.
சாவியை வைத்தார். முகத்தில் நான் எதையும் படிக்கவில்லை,
அதுவும் என் வேலை இல்லை.
பச்சையில் ஏறிப் போனார்.
சிறிது நேரத்தில் ரோடெல் கூப்பிட்டான்,
ஈரத் துணி கையில், துடைக்காமல்.

முன்னிருக்கையின் முதுகில்
சாலை உப்பும் சேறுமாய்
இரண்டு சின்ன பூட்ஸ் தடங்கள்.
நான்கு வயதிருக்கலாம், ஐந்து இருக்கலாம்.
நிறைய உதைத்திருக்கிறது.

உட்புறம் சுத்தம் செய்ய நூற்றைம்பது டாலர்,
கூடுதல் தூரத்துக்கு வேறு கணக்கு.
இரண்டையும் அடித்துவிட்டுக்
காரணம் என்ற கட்டத்தில்
வாடிக்கையாளர் நல்லெண்ணம் என்று எழுதினேன்.

செவ்வாயன்று கருத்துக் கணிப்பு வந்தது.
எங்கள் தொழிலில் பத்துக்குப் பத்து தேர்ச்சி,
ஒன்பது என்றால் பூஜ்யம்.
மரியாதை, பத்து. விளக்கம், பத்து. இரவல் கார், பத்து.
சொன்ன நேரத்தில் வேலை முடிந்ததா?
உண்மையான மனுஷி,
இல்லை என்று குறித்திருந்தார்.

இந்த மாத ஊக்கத்தொகை போயிற்று.
ரோடெலிடம் சொன்னேன்.
அவன் அடுத்த வெள்ளையின் திரையில்
யாரோ போன இடங்களை
ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தான்,
இந்த முறை படிக்காமல்.
அல்லது படிக்காத மாதிரி.