பஞ்சு எண் 43

தலையை முதலில் கொடுக்க வேண்டும்.
பிறகு வலது தோள். பிறகு மூச்சைச் சுருக்கி மீதி உடம்பு.
பலகைக்கல்லில் அவர்கள் குடைந்த வட்டம்
என்னை நினைத்து அளந்ததல்ல.
இதற்குள் வைக்கப்பட்டவர்
திரும்பி வரும் யோசனையில் போகவில்லை.

ஒடுகத்தூருக்கு மேற்கே, பேருந்து திரும்பிவிடும் இடம் தாண்டி
கரட்டின் முதுகில் பதினொரு கல்திட்டைகள்.
பத்தில் ஒன்றுமில்லை, ஆட்டுப் புழுக்கை.
ஒன்றின் உள்சுவரில், வெள்ளையில், ஒரு குதிரை.
அதன்மேல் ஓர் ஆள்.
கீழே கை தூக்கிய நான்கு பேர்.
கும்பிடுகிறார்களா, தடுக்கிறார்களா என்று
துறையில் இன்னும் பேசி முடியவில்லை.

ஒரு நேரத்தில் ஒருவர். இருபது நிமிடம்.
என் மூச்சின் ஈரம் கல்லில் ஏறி
உள்ளே உறங்கும் உப்பை எழுப்பும்,
எழுந்த உப்பு வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.
இதைச் சொன்னதும் எத்திராஜ் சிரித்தார்:
“இன்னா மேடம், செத்தவன் வூட்ல
மூச்சு வுட்றதுதான் தப்பா?”
ஆனாலும் கைபேசியில் அவர்தான் நேரம் பார்க்கிறார்.
முடிந்ததும் கூரைக்கல்லில் சாவியால் தட்டுவார்.
டிக் டிக்.

நான்கு நாளாக எதிர்ச்சுவரில்
‘ஜெகன் 2009’ என்ற பச்சை எனாமலை எடுத்துக்கொண்டிருந்தேன்.
எல்லாம் வந்துவிட்டது.
ன் தலைமேல் இருந்த புள்ளி மட்டும் வரவில்லை.

உப்பை எனக்குத் தெரியும்.
பேரணாம்பட்டில் அத்தா இருபத்தாறு வருடம்
தோலுக்கு உப்பு போட்டவர்.
வெள்ளிக்கிழமைச் சட்டையிலும்
அக்குளோரம் ஒரு வெள்ளைத் தேசப்படம் பூத்திருக்கும்.
புது உப்பு, ஒருமுறை போட்டு உதறிய உப்பு
கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்வேன்.
வேலையில் சேர்ந்தபோது இதை யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே குதிரையின் வாய்க்கும் ஆளின் கைக்கும் நடுவே
ஒன்பது வெள்ளைத் துளிகளைப் பார்த்ததும்
உப்பு என்றேன்.
சோதனைத் தாள் பையில் இருந்தது.
பை வெளியே இருந்தது.
வெளியே என்றால் கால், இடுப்பு, தோள், மூச்சு,
பிறகு மறுபடி எல்லாம்.

காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சு.
ஓர் ஒற்றல். அரை உருட்டல்.
உப்பென்றால் கரைந்து காணாமல் போக வேண்டும்.
இது பஞ்சில் வந்து உட்கார்ந்தது
மாவு மாதிரி,
வெள்ளையாகவே.

டிக் டிக்.

எண்ணினேன். எட்டு.
எட்டும் வளைந்து போவது அப்போதுதான் தெரிந்தது.
கடிவாளம்.
கை பிடிக்கும் இடத்தில் அறுந்திருந்தது.

“மேடம், இருவத்தி மூணு ஆச்சு.”
“மேடம்.”

வெளியே நாற்பத்தொரு டிகிரி வெயில்.
பஞ்சைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்,
மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து
சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து நீட்டினார்.
“ஒரு புள்ளிதானே. ஒரு குச்சில தொட்டு வெச்சா
யாருக்கு இன்னா தெரியப் போவுது?”

நிறம் சரியாகத்தான் இருந்தது.
வேண்டாம் என்று சொல்ல
தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.

படிவத்தில் ‘சேதம்’ என்பதற்கு எதிரே மூன்று கட்டங்கள்:
இயற்கை. கால்நடை. பொதுமக்கள்.
பேனாவால் நான்காவது ஒன்று போட்டேன், கோணலாக.
அதற்குள் என் பெயரை எழுதினேன், தில்ஷாத்,
கடைசி எழுத்தின் புள்ளியோடு.

பஞ்சு கண்ணாடிக் குப்பியில்.
எண் 43. கடிவாளம், கைப்பக்கம் முதல் புள்ளி.
எடை: தராசு காட்டவில்லை.

மறுநாள் ஜெகனிடமே இருபது நிமிடமும் போயிற்று.
குதிரைப் பக்கம் விளக்கைத் திருப்பவில்லை.
முதுகுக்குப் பின்னால் அது நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தது,
பிடிக்க ஆளில்லாத குதிரை ஒன்று
அத்தனை சின்ன அறையில்.

டிக் டிக்.

வெளியே வரும்போது கால்தான் முதலில்.