கீழே எழுத்து வராத வசனம்

வாதி கபீரில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில், ஒரு டிவி.
ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டவன் செல்வின்,
அதனால் வெள்ளிக்கிழமை அவன் வைப்பதுதான் படம்.

மதியம் தமிழ்.
நாயகியைத் துரத்துகிறார்கள், அவளுக்கு ஒளிய ஒரு வேஷம் வேண்டும்.
முகத்தில் கரி, கழுத்து நிறையப் பாசி, தோளில் டால்டா டப்பா.
ஒரு பாட்டு முழுக்க ஊசிமணி விற்றாள்.
பாட்டு முடிந்ததும் ஓடையில் முகம் கழுவி
கல்யாணத்துக்கு வெளுத்துவிட்டாள்.

நடுவில் காமெடியன்,
பறவைத் துப்பாக்கி, பூனைக்கறி ஜோக்,
வாயில் கூழாங்கல் போட்ட மாதிரி ஒரு பேச்சு.
அறை குலுங்கிற்று.
நானும் சிரித்தேன்.
பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது,
இந்தச் சிரிப்பு மட்டும் எப்போதும் என் கைவசம்.

"அது என்ன பாஷைடா?" என்றான் கனகு.
"எந்தப் பாஷையும் இல்ல."
பொய்யில்லை. அதில் எங்கள் சொல் ஒன்றுகூட இல்லை.
'எங்கள்' என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

சித்தி ஒருமுறை ஷூட்டிங் போனாள்.
கூட்டத்தில் நிற்க நிஜமான ஆட்களே வேண்டும்,
தலைக்கு நூறு என்று ஏஜெண்ட் வந்தான்.
படம் பிடிக்கப்போகிறார்களே என்று
எண்ணெய் வைத்துச் சீவி,
பெட்டிக்குள் கிடந்த ரோஸ் நைலக்ஸைக் கட்டிக்கொண்டாள்.
மேனேஜர் மேலும் கீழும் பார்த்தாராம்.
"என்னம்மா, நரிக்குறத்தி மாதிரியே இல்லையே நீ?"
அவள் நிற்க வேண்டிய இடத்தில்
கரி பூசிய வேறு யாரோ அவளாக நின்றார்கள்.
இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் சித்தி.
அது வேறு சிரிப்பு.

இரவு ஷாஜி சேனல் மாற்றினான்.
இங்கிலீஷ் படம், கீழே அரபியில் எழுத்து.
பனி, குதிரை வண்டிகள்,
தீயைச் சுற்றிச் சிவப்புப் பாவாடைகள்.
அங்கேயும் பாசி. அங்கேயும் கைரேகை.
அங்கேயும் ஒரு பணக்கார வீட்டுக் குழந்தை காணாமல் போக,
முதலில் பிரிப்பது இவர்கள் கூடாரத்தைத்தான்.
"ஜிப்சிடா" என்றான் செல்வின்,
பழைய போலீஸ் ஜீப்பைச் சொல்வதுபோல.

ஒருத்தியை இழுத்து வருகிறார்கள், உதட்டில் ரத்தம்.
நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறாள்.
மேளம். இடி. குதிரை மிரள்கிறது.
"சாபம் விட்டுட்டா" என்றான் கனகு.
அதுவரை ஒரு 'ஆ'வுக்குக்கூடக் கீழே எழுத்து வந்தது,
இதற்கு வரவில்லை.

எனக்குக் கேட்டது.
பானி.

அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்தி நிஜம் போல.
உன் பாஷையில் எதையாவது சொல்லித் திட்டு என்றிருப்பார்கள்.
விடியலிலிருந்து விளக்குச் சூட்டில் நின்றவள்
தண்ணீர் கேட்டிருக்கிறாள்.
அப்படித்தான் தோன்றியது, சத்தியம் செய்ய மாட்டேன்.

பானி எட்டுப் பேருக்கும் தெரிந்த சொல்.
அல் குவைரில் நாற்பத்தெட்டு டிகிரியில்
டக்ட் மேலிருந்து போர்மேனைப் பார்த்துத் தினமும் கத்துகிற சொல்.
மேளம் அடித்தவன் அவர்கள் காதை அடைத்துவிட்டான்.
எனக்கோ கல்ஃப் வருவதற்கு முன்பே தெரியும்,
பால் பல் முளைக்கும் முன்பே.
மத்ராவில் கச்சிக்காரர் துணி அளந்து எண்ணுகிற ஒலிக்காக
தேவையில்லாமல் நான் மூன்று லுங்கி வாங்கியிருக்கிறேன்.

"சாபமில்ல. தண்ணி கேக்குறா."
"உனக்கெப்படித் தெரியும்?"
ஏசி இரைந்தது.
"எங்க வீட்டுல அப்படித்தான் கேப்போம்."

செல்வின் சத்தத்தைக் குறைத்தான், யாரும் சொல்லாமலே.
மதியம் சிரித்த இடங்களுக்கு
ஏழு பேரும் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்வருவது தெரிந்தது.
கனகு என் கட்டிலைப் பார்க்கவில்லை,
தன் கால் நகத்தைப் பார்த்தான், வெகு நேரம்.

படத்தில் குழந்தை கிடைத்துவிட்டது,
அதன் வீட்டுப் பரணிலேயே.
மணி அடித்தார்கள், கேக் வெட்டினார்கள்.
பிரித்துப் போட்ட கூடாரம் என்ன ஆயிற்று என்று
நான் மட்டுமா, அறையே தேடிற்று.
கேமரா அதற்குள் வேறு பக்கம் போய்விட்டது.