ஆற்றுக்கு இந்தப் பக்கம்

கடைசியாக விலக்கானது எப்போது
என்று கேட்டாள் சிஸ்டர் மட்செடிசோ.
தேதி எனக்குத் தெரியாது.
மலைப்பாதையில் பஸ் சரிந்ததே,
அதற்கு மறுநாள், என்றேன்.
நாட்காட்டியைப் பார்க்காமலே எழுதினாள்:
ஏப்ரல் பதினேழு.
பதினோரு தலைகளுக்குத் தையல் போட்ட இரவை
அவள் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

இப்போது அக்டோபர்.
ஆறு மாதம் போர்வைக்குள் வைத்திருந்தேன்,
ஊக்கு குத்தும் இடத்தை மட்டும்
மாதம் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி.
மாமியாருக்குத் தெரியும். ஆடுகளுக்குத் தெரியும்.
வாய்விட்டுச் சொன்னால் கேட்டுவிடுமோ என்று பயம்,
எது கேட்கும் என்றே தெரியாத பயம்.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
போன முறை வேறொருத்தி திட்டினாள்.

பெயர்?
மாகோட்ஸோ.
கோட்ஸோவின் அம்மா.
கல்யாணத்தன்றே வைத்துவிடுவார்கள் எங்களில்,
பிள்ளைக்கு முன்னால் பிள்ளையின் பெயரை.
கோட்ஸோ வந்தான். அழவில்லை.
இன்னும் அவன் பெயர் சொல்லித்தான்
தண்ணீர் எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பேனாவை மூடினாள்.
பிறகு திறந்தாள்.
அதற்கு முந்தின பெயர்?
கெனெவே, என்றேன்.
யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் இருந்தது.
நோட்டில் இரண்டையும் எழுதினாள்.

கையில் பட்டை இறுகித் தளர்ந்தது.
விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்.
அளவு நாடா சில்லென்று தொப்புளைத் தாண்டிப் போனது.
இரும்பு மாத்திரை, வெளிக்குக் கறுப்பாகப் போகும்,
பயந்து நிறுத்திவிடாதே.

பிறகு அந்த மரக்குழல்.
ஒரு முனை என் வயிற்றில்,
மறுமுனையில் அவள் காது.
கண்ணை மூடிக்கொண்டாள்.
தகரக் கூரைமேல் காற்று நடந்தது.
என் பிள்ளை என் உள்ளே.
அதன் சத்தம் மட்டும் அவளுக்கு.

என்ன கேட்கிறது?
பதில் சொல்லவில்லை.
தலையை எடுக்காமலே என் மணிக்கட்டில்
இரண்டு விரலால் தட்டத் தொடங்கினாள்.
டுக்டுக் டுக்டுக் டுக்டுக்.
சேணம் காணாத குதிரைக்குட்டி
யாரும் விரட்டாமல் ஓடுகிற வேகம்.
அவள் தட்டுவதை நிறுத்தியபோதுதான்
நான் அழுதேன்.

ஜனவரியில் செங்கு ஆறு ஏறும்.
கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்துவிடு,
காத்திருப்பு வீட்டில் கட்டில் இருக்கிறது, என்றாள்.
கோழிகளை யார் பார்ப்பது என்றேன்.
கோழியும் நீந்தாது, நீயும் நீந்தமாட்டாய், என்றாள்.

இன்று ஜனவரி பத்தொன்பது.
எட்டுக் கட்டில், ஒன்பது பெண்கள்.
பாலம் மூழ்கிவிட்டதாம், ரேடியோ சொல்கிறது.
ருஸ்டன்பர்க் சுரங்கத்திலிருந்து அவன்
மழை இரைச்சலுக்கு மேல் போனில் கத்துகிறான்:
எந்தப் பக்கம் இருக்கிறாய்?
இந்தப் பக்கம், என்கிறேன்.
இந்தப் பக்கம்.

என் இன்னொரு கை தானாக
முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கிறது போல.
பக்கத்துக் கட்டில்காரி, பதினேழு வயது,
சோளக்கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு
அது என்ன, என்று கேட்கிறாள்.

கையை நீட்டு.